சேலை பிரிக்கும் வரை

கியாசுதீனிடம் எதைக் கேட்டாலும் ஒரு கடை உதாரணம் சொல்லாமல் பதில் வராது. கல்யாணம் ஏன் தள்ளிப்போகிறது என்று கேட்டாலும் சரி, கடலில் ஏன் உப்பு என்று கேட்டாலும் சரி, "இப்ப ஒரு கஸ்டமர் வர்றாரு, வெச்சுக்கோ" என்றுதான் ஆரம்பிப்பார். பட்டுக்கடை மெத்தையில் தவழ்ந்து வளர்ந்தவர். அதைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் கீழே தம்பி மெஹதாபின் பட்டுக்கடை. மாடியில் கியாசுதீனின் கம்ப்யூட்டர் ஆபீஸ். கீழே சேலை விற்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். மேலே என்ன விற்கிறார்கள் என்பது தெருவில் இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை. மெஹதாபுக்கும்தான். யாராவது கேட்டால், "அண்ணன் மேல ஃபாரின் வேலை பாக்குறாரு" என்று சொல்லிவிட்டுப் பேச்சைச் சேலைக்குத் திருப்பிவிடுவான்.

ஃபாரின் வேலை இதுதான். ஜெர்மனியில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி. அதன் மொத்தக் கணக்கும் மெயின்பிரேம் என்கிற ராட்சசக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அந்த ஊர் ஏஜெண்டுகள் தங்கள் போனிலிருந்து, "இந்த பாலிசி உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா?" என்று அந்த மெஷினைக் கேட்பார்கள். மெஷின் பதில் சொல்ல வேண்டும். கேட்பதும் சொல்வதும் சாக்கெட் என்கிற வழியாக நடக்கும். அந்த வழியைப் பார்த்துக்கொள்ளும் புரோகிராமை அசெம்பிளி மொழியில்தான் எழுத வேண்டும் என்பது கம்பெனியின் பிடிவாதம். பழைய புரோகிராம்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றனவாம்.

அசெம்பிளி என்றால் என்னவென்று கியாசுதீனைக் கேட்டால் சொல்வார்: "மத்த பாஷையில, கடைப் பையன்கிட்ட ‘ஒரு பச்சை சேலை எடுத்துக் காட்டு’ன்னா போதும். இதுல, எழுந்திரு, அலமாரிப் பக்கம் திரும்பு, கையைத் தூக்கு, சேலையப் பிடி, பிடிச்சதை வுட்டுடாதன்னு ஒவ்வொண்ணா சொல்லணும். வுட்டுடாதன்னு சொல்ல மறந்தீன்னா கீழ போட்டுட்டு வெறுங்கையோட வந்து நிப்பான். அவன் மேல தப்பே இல்ல."

இந்தப் புரோகிராமை எழுதியவள் ஷாரோன். பக்கத்து முசரவாக்கத்துப் பெண். அப்பா முனிரத்தினம் ஆட்டோ ஓட்டுகிறார். வரதராஜப் பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வரும் வெளியூர்க் குடும்பங்களைச் சின்ன காஞ்சிபுரத்தில் ஏற்றிக்கொண்டு வந்து மெஹதாபின் கடை வாசலில் இறக்குவதும் அவர் தொழிலில் ஒரு பகுதி. அப்பா கீழே ஆள் கொண்டுவருகிறார், மகள் மேலே வேலை பார்க்கிறாள்.

வேலை என்று சொல்வதும் இன்னும் சரியில்லை. ஷாரோன் தற்காலிகம்தான். இன்சூரன்ஸ் கம்பெனி இந்தப் புரோகிராமை ஏற்றுக்கொண்டால் அவள் நிரந்தரம். இல்லாவிட்டால் வேலை மொத்தமும் அந்த ஊர் ஆட்களிடம் போய்விடும். அவளுக்கு இங்கே நாற்காலி இருக்காது. சென்னையில் ஹாஸ்டல் சாம்பார் சாப்பிட்டு அலுத்துப்போய் ஊர் திரும்பியவள் அவள். மறுபடியும் பெட்டி கட்ட அவளுக்கு மனசில்லை.

ஆரம்பத்தில் அவளுக்குச் சாக்கெட் சமாசாரம் புரியவில்லை. மேனுவல் தலையணை கனத்துக்கு இருந்தது. "இத விடும்மா, நான் சொல்றேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார் கியாசுதீன்.

"சாக்கெட்னா கடை வாசல்னு வெச்சுக்கோ. வாசல்ல ஒரு ஆள் நிக்கிறான். வர்ற கஸ்டமரை எல்லாம் அவன்தான் வரவேற்கிறான். ஆனா அவனே சேலை காட்டமாட்டான். காட்டினான்னா அடுத்து வர்றவரை யார் பாக்குறது? அதனால உள்ள இருக்கிற சேல்ஸ்மேன்கிட்ட ஒப்படைக்கிறான். ஒப்படைக்கிறதுக்கு கிவ்சாக்கெட்னு ஒரு கட்டளை. உள்ள இருக்கிறவன் வாங்கிக்கிறதுக்கு டேக்சாக்கெட்னு ஒரு கட்டளை. அவ்ளோதான் விஷயம்."

"ஒப்படைச்ச பிறகு வாசல்ல இருக்கிறவன் என்ன சார் செய்யணும்?"

"அதுதான் முக்கியம். நிக்கவே கூடாது. நின்னான்னா கமிஷனுக்கு நிக்கிறான்னு கஸ்டமருக்குத் தெரிஞ்சிடும். வியாபாரம் கெட்டுது. ஒப்படை, கையை உதறு, திரும்பிப் பாக்காத. உங்கப்பா அப்படித்தானம்மா பண்றாரு? ஆளை உள்ள வுடுவாரு, அடுத்த நிமிஷம் ஆளே இருக்கமாட்டாரு. என்ன நேக்கு தெரியுமா அந்த மனுசனுக்கு."

"அப்பாவா சார்? அவரு…" என்று ஷாரோன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கியாசுதீனின் போன் அடித்தது. அவர் எழுந்து போனார். அவள் கிவ்சாக்கெட்டுக்கு அடுத்த வரியிலேயே, வாசல் பக்கத்துச் சாக்கெட்டை மூடும் க்ளோஸ் கட்டளையை எழுதினாள். கையை உதறியாயிற்று.

சோதனையில் புரோகிராம் பட்டாக ஓடியது. ஷாரோன் இங்கிருந்து ஒரு கேள்வி அனுப்புவாள், பதில் வரும். இன்னொன்று அனுப்புவாள், அதற்கும் வரும். கியாசுதீன் கீழே போய் எல்லாருக்கும் பாதாம்கீர் சொன்னார்.

அங்கே உண்மையான ஏஜெண்டுகள் காலையில் வேலைக்கு வந்து உட்கார்ந்ததும் குழப்பம் தொடங்கியது. சில பேருக்குப் பதில் போயிற்று. சில பேருக்கு, கதவு திறந்தது போலத் திறந்து, மூஞ்சியில் அறைந்தது போல மூடிக்கொண்டது. எவருக்குத் திறக்கும், எவருக்கு மூடும் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரே ஏஜெண்டு, ஒரே கேள்வி. ஒரு தரம் பதில் வரும், மறு தரம் இணைப்பே செத்துப்போகும்.

முதலில் எழுத்தின் மேல் சந்தேகம் வந்தது. மெயின்பிரேம் எழுத்துகளுக்கு வைத்திருக்கும் எண்கள் வேறு, போனில் இருக்கும் எண்கள் வேறு. இங்கே ‘அ’ என்பது அங்கே போய் வேறெதுவோ ஆகிவிடும். ஷாரோன் மாற்றுப் பட்டியலை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. எழுத்து தப்பென்றால் பதில் கோணல்மாணலாக வரும்; பதிலே வராமல் போகாது என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது.

பிறகு நெட்வொர்க்கைத் திட்டினார்கள். நெட்வொர்க்குக்காரர்கள் இவர்களைத் திட்டினார்கள். பிறகு கியாசுதீன், "அந்த ஊர்ல குளிர் ஜாஸ்தி, கேபிள் சுருங்கியிருக்கும்" என்றார். ஷாரோன் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "சும்மா சொன்னேம்மா" என்றார்.

எதுவும் புரியாத நிலையில் எல்லா புரோகிராமரும் செய்வதை ஷாரோனும் செய்தாள். ஒவ்வொரு ஆளையும் உள்ளே ஒப்படைத்தவுடன் மெஷினின் ஆபரேட்டர்கள் பார்க்கும் கன்சோல் திரையில் ஒரு வார்த்தை எழுதும்படி இடையில் ஒரு கட்டளை போட்டாள். என்ன வார்த்தை போடுவது என்று யோசிக்க அலுப்பாக இருந்தது. வாசலில் நிற்கிறவன் என்ன சொல்வான்? ஆங்கில எழுத்தில் ‘வாங்க’ என்று போட்டாள்.

வார்த்தை திரையில் ஓட ஆரம்பித்தது. ஒரு இணைப்புகூடச் சாகவில்லை.

"என்னம்மா பண்ண?"

"ஒண்ணுமே பண்ணல சார். ‘வாங்க’ன்னு போட்டேன்."

"அத எடுத்துட்டு ஓட்டு."

எடுத்தாள். இணைப்புகள் விழுந்தன. மறுபடி போட்டாள். நின்றன. எடுத்தாள், விழுந்தன.

கியாசுதீன் திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மரியாதை எதிர்பாக்குது போலகீது" என்றார்.

"சார், எனக்கு அழுகையே வருது. கவனிச்சா ஒழுங்கா நடக்குது, கவனிக்கலன்னா கெட்டுப்போவுது. இது மெஷினா, எங்க அக்கா பையனா?"

"அப்ப அத அப்படியே வுட்டுடு."

"காரணம் தெரியாமலா?"

"கஸ்டமர் சேலை வாங்குறாரு. எந்தத் தறியில நெய்ததுன்னா கேக்குறாரு? ஓடுது இல்ல? குடுத்துடு."

கொடுத்தார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியின் சார்பில் இதையெல்லாம் மேற்பார்வை பார்ப்பவர் ஜெயக்குமார். கும்பகோணத்துக்காரர், ஜெர்மனியிலேயே குடியேறியவர். மறுநாள் அவரிடமிருந்து போன்.

"கியாசுதீன், எங்க ஆபரேட்டர் ரூம்ல என்ன நடக்குதுன்னு தெரியுமா? திரை முழுக்க ‘வாங்க, வாங்க, வாங்க’ன்னு மேல ஓடிக்கிட்டே இருக்கு. மத்த மெசேஜ் எதுவுமே கண்ணுக்குத் தெரியல. அது வைரஸான்னு கேக்குறாங்க. நான் என்னன்னு சொல்றது, எங்க ஊர்ல விருந்தாளிய இப்படித்தான் கூப்பிடுவோம்னா?"

"வார்த்தைய மாத்திடலாம் சார். ‘வெல்கம்’னு…"

"வார்த்தையே வேண்டாம்."

"ஒரே ஒரு எழுத்து?"

"வேண்டாம்."

"ஒரு புள்ளி வெச்சுக்கலாமா சார்? கண்ணுக்கே தெரியாது."

"பேரம் பேசாதீங்க கியாசுதீன். இன்னைக்கு மத்தியானம் எல்லாரும் உக்காந்து பாக்கப் போறோம். அந்த வார்த்தை இல்லாம ஓடணும். ஓடலேன்னா வேலைய இங்க இருக்கிற டீமுக்கே கொடுத்துடறதுன்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லிடுங்க."

ஸ்பீக்கரில் பேசியதால் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஷாரோன் அந்தக் கட்டளையை நீக்கினாள். நேற்று அதை நீக்கியபோதெல்லாம் இணைப்புகள் விழுந்தன. கியாசுதீன் ஒரு கடை உதாரணம் தேடினார். கிடைக்கவில்லை. அந்த நேரத்தில்தான் கீழேயிருந்து சத்தம் வந்தது.

மெஹதாப் போன வாரம் கடைக்குப் புதுக் கதவு போட்டிருந்தான். ஏசி வைத்தாயிற்று, அதற்கு ஏற்றாற்போலக் கறுப்பு ஃபிலிம் ஒட்டிய கண்ணாடிக் கதவு. வெளியே நிற்பவருக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. தன் மூஞ்சிதான் தெரியும். அந்தக் கண்ணாடியில் இரண்டு கையாலும் முகத்தின் பக்கவாட்டை மறைத்துக்கொண்டு, மூக்கை ஒட்டவைத்து உள்ளே பார்த்தபடி முனிரத்தினம் நின்றிருந்தார். மெஹதாப் கதவைத் திறந்ததில் அவர் ஏறக்குறைய உள்ளே விழுந்தார்.

"இன்னாய்யா முனிரத்தினம், கண்ணாடி பூரா மூக்குத் தடம். நேத்து தான தொடச்சேன். ஆளை இறக்கி வுட்டல்ல, கெளம்பு."

"கெளம்புறதா? நேத்தும் இப்படித்தான் கெளம்பச் சொன்ன மெஹதாப் பாய். திருப்பதிலேர்ந்து வந்த குடும்பம், கல்யாணப் பட்டு எடுக்க வந்தவங்க. உள்ள வுட்டேன், உன் கதவு ‘டப்’புனு மூடிக்கிச்சு, ஒண்ணும் தெரியல, நான் போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா பக்கத்துக் கடையிலேர்ந்து பையோட வர்றாங்க. என் பங்கு போச்சா இல்லியா?"

"பக்கத்துக் கடையில டிஸ்கவுண்ட் போட்டிருக்கான். அதுக்கு என் கதவு இன்னா பண்ணும்?"

"டிஸ்கவுண்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன் ஆளுங்க அத்தினி பேரும் வேலூர் பார்ட்டிகிட்ட உக்காந்துக்கினு இருந்தாங்களாம். இவங்கள யாரும் கண்டுக்கவே இல்ல. நின்னு பாத்தாங்க, போயிட்டாங்க. பழைய கதவுன்னா எதிர்ல பூக்கடையாண்ட நின்னுக்கினே பாத்திருப்பேன். யாரும் கவனிக்கலன்னா உள்ள வந்து ஒரு சத்தம் குடுப்பேன். முதல் சேலைய பிரிச்சிட்டாங்கன்னா அவங்க உக்காந்துடுவாங்க, அப்புறம் நான் ஏன் நிக்கப்போறேன், எனக்கு வேற சவாரி இல்லியா?"

சத்தம் கேட்டு மாடிப்படியில் இறங்கி வந்த கியாசுதீன் பாதியில் நின்றுவிட்டார்.

"நீ எதிர்ல நிப்பியா?" என்றார்.

"எப்பவும் நிப்பேன் பாய்."

"நான் சின்ன வயசுலேர்ந்து அந்த மெத்தையில உக்காந்திருக்கேன். ஒரு நாளும் நீ நின்னதப் பாத்ததில்லையே. ஆளை வுட்டதும் மாயமா போயிடுவேன்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

"பூக்கடையில தொங்குற மாலைக்குப் பின்னால நிப்பேன் பாய். உள்ளேர்ந்து பாத்தா மாலைதான் தெரியும். நான் எங்க தெரியப்போறேன்?"

படியில் கியாசுதீனுக்குப் பின்னால் நின்ற ஷாரோனுக்கு முதலில் மானம் போயிற்று. அப்பா கண்ணாடியில் மூக்கை ஒட்டியதைத் தெருவே பார்த்திருக்கிறது. "அப்பா, இங்க வந்து ஏம்பா கலாட்டா பண்றீங்க" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சொல்லவில்லை. திரும்பி மாடிக்கு ஓடினாள்.

கியாசுதீன் மூச்சு வாங்க மேலே வந்தபோது அவள் திரையில் இரண்டு வரிகளைக் காட்டி வைத்திருந்தாள்.

"சார், கிவ்சாக்கெட். அடுத்த வரி க்ளோஸ்."

"ஆமாம். அதுக்கு?"

"உள்ள இருக்கிறது இன்னும் வாங்கிக்கவே இல்ல. அதுக்குள்ள நான் மூடிடறேன். அது சும்மா இருந்தா உடனே வாங்கிக்கும், அப்ப பொழச்சிக்கும். கூட்டமா இருந்தா வாங்க வர்றதுக்குள்ள வாசலே இருக்காது. திருப்பதிக் குடும்பம் மாதிரி."

"இரு, இரு. திருப்பதிக் குடும்பத்துக்கும் ஜெர்மன்காரனுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

ஷாரோன் மறுபடி சொன்னாள். கியாசுதீன் தலையை ஆட்டினார். புரிந்து ஆட்டிய மாதிரி இல்லை.

"சரி, ‘வாங்க’ன்னு போட்டா மட்டும் ஏன் ஓடுச்சு?"

"அந்த வார்த்தைய எழுதி முடிக்கிற வரைக்கும் நான் வாசல்ல நிக்கிறேன் சார். அந்த நேரத்துல உள்ள வாங்கிக்கிட்டாங்க. வார்த்தையில ஒண்ணும் இல்ல. நின்னதுலதான் இருக்குது."

"ஓ." நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்தார். "அப்ப அந்த க்ளோஸை அங்க போடச் சொன்ன புத்திசாலி யாரு?"

ஷாரோன் கீபோர்டைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். அவர் முகத்தைத் தவிர அறையில் இருந்த எல்லாவற்றையும் பார்த்தாள்.

"நானா?" என்றார் கியாசுதீன்.

"கையை உதறு, திரும்பிப் பாக்காதன்னீங்க."

"மேனுவல்ல என்ன போட்டிருக்குது?"

அவள் ஏற்கெனவே திறந்து வைத்திருந்தாள். உள்ளே இருப்பவர் வாங்கிக்கொண்டார் என்ற சைகை வரும்வரை காத்திருக்க வேண்டும், அதன் பிறகே மூட வேண்டும், முன்னால் மூடினால் இணைப்பு அறுந்துவிடும் என்று எந்தச் சுற்றிவளைப்பும் இல்லாமல் எழுதியிருந்தது.

"இவ்ளோ தெளிவா இருக்குதே. நீ படிக்கலியாம்மா?"

"நீங்க சொன்னதே நல்லா புரிஞ்சிது சார்."

தன் உதாரணம் நன்றாக இருந்தது என்று சந்தோஷப்படுவதா? கியாசுதீன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அதற்குள் ஷாரோன் க்ளோஸுக்கு முன்னால், சைகை வரும்வரை காத்திருக்கும் கட்டளையைச் சேர்த்திருந்தாள். காத்திருக்கும் நேரத்திலேயே புதிதாக வருகிறவர்களையும் வரவேற்கும்படி. ஓட்டிப் பார்க்க ஏஜெண்டுகள் இல்லை. அவர்களுக்குக் காலை என்பது இங்கே மத்தியானம்; அப்போதுதான் வருவார்கள், எல்லார் முன்னாலும்.

இந்த மாதிரிக் கூட்டங்களில் கியாசுதீனுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் தான் பேசுவார். இரண்டு சிரிப்பு, ஒரு நலம் விசாரிப்பு. பிறகு, "மீதியை எங்க ஷாரோன் சொல்லுவாங்க" என்று விட்டுவிட்டுக் கீழே மெஹதாபோடு சாப்பிடப் போய்விடுவார். அன்றும் கீழேயிருந்து பிரியாணி வாசனை வந்தது. மெஹதாப் இரண்டு தரம் ஆள் அனுப்பினான்.

அவர் போகவில்லை. ஷாரோனின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ஓடியது. அங்கே காலைக் கூட்டம் ஏறியது, ஒன்றும் விழவில்லை. திரையில் எந்த வார்த்தையும் இல்லை. ஜெயக்குமார் பக்கத்திலிருந்தவரிடம் ஜெர்மனில் ஏதோ சொன்னார். அது நல்லதா, கெட்டதா என்று இந்தப் பக்கம் தெரியவில்லை.

"சரி, என்னதான் தப்பு?" என்று கேட்டார் கடைசியில். "நேத்து வரைக்கும் காரணமே சொல்லல நீங்க. எழுதினது அந்தப் பொண்ணுதானே? தப்பு எங்கன்னே தெரியாம குடுத்தா நாளைக்கு எப்படி நம்புறது?"

ஷாரோன் மைக் பக்கம் குனிந்தாள். கியாசுதீன் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"சார், சரக்குல குத்தம் இல்ல. சரக்க மடிச்சுக் குடுத்தவன் மேல குத்தம். மடிச்சது நான். ஒப்படைச்சதும் மூடிடுன்னு நான்தான் சொன்னேன். அவ நான் சொன்னதை ஒரு எழுத்து மாத்தாம செஞ்சா. தப்பக் கண்டுபிடிச்சதும் அவதான். எனக்கு இன்னும் பாதிதான் புரியுது. மீதியை அவளே சொல்லட்டும்."

ஷாரோன் சொன்னாள். முதலில் தடுமாறினாள். கியாசுதீன் எழுந்து போவார் என்று ஓரக்கண்ணால் பார்த்தாள், அவர் அசையவில்லை. பிறகு குரல் நிலைபெற்றது. ஜெயக்குமார் ஒரு கேள்வி கேட்டார், பதில் சொன்னாள். இன்னொன்று கேட்டார். காத்திருக்கும்போது உள்ளே இருப்பதே செத்துப்போனால் என்ன ஆகும் என்றார். அவளுக்குத் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்றாள். "குட், தெரியலேன்னு சொல்ற முதல் ஆள் நீங்கதான்" என்றார் அவர். அதன் பிறகு இருவரும் ரெஜிஸ்டர், டாஸ்க் என்று கியாசுதீனுக்குத் தலை சுற்றும் வேகத்தில் பேசிக்கொண்டு போனார்கள்.

"கியாசுதீன்," என்றார் ஜெயக்குமார் நடுவில், "ஷாரோனை நிரந்தரம் பண்ணிடுங்க, நான் மேல சொல்லிடறேன். இனிமே எதுன்னாலும் நான் அவங்ககிட்டயே நேரா பேசிக்கறேன். நடுவுல நீங்க எதுக்குச் சிரமப்படணும்?"

"சந்தோஷம் சார்" என்றார் கியாசுதீன். சந்தோஷம்தான். ஆனால் வியாபாரி வீட்டில் பிறந்தவர் காதுக்கு அந்தக் கடைசி வாக்கியம் வேறு மாதிரியும் கேட்டது. ஒரு கஸ்டமர் கைமாறிவிட்டார், கைமாற்றியது தானே. இது லாபமா நஷ்டமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். அவர் மெதுவாக எழுந்தார். யாரும் கவனிக்கவில்லை.

கீழே வந்தார். பிரியாணி ஆறிப்போயிருக்கும். உள்ளே போகாமல், மெஹதாபின் கறுப்புக் கண்ணாடிக் கதவைத் தாண்டி, தெருவைக் கடந்து பூக்கடைப் பக்கம் போய் நின்றார். அங்கிருந்து அண்ணாந்தால் மாடி ஜன்னலில் ஷாரோனின் தலை தெரிந்தது. கையை ஆட்டி ஆட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள்.

ஆட்டோவில் சாய்ந்திருந்த முனிரத்தினம் இறங்கி வந்தார்.

"இன்னா பாய், பாப்பா வேலை இன்னா ஆச்சு?"

"ஆயிடுச்சு. அவளை எடுத்துக்கினாங்க."

முனிரத்தினம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மாடி ஜன்னலைப் பார்த்தார், கியாசுதீனைப் பார்த்தார்.

"அதான் எடுத்துக்கினாங்கல்ல. அப்புறம் நீங்க ஏன் பாய் வெயில்ல நின்னுக்கினு இருக்கிறீங்க?"

கியாசுதீன் ஒரு கடை உதாரணம் சொல்ல வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.